எதிரில் ஆள் இல்லாத ஆங்கிலம்: சீனக் கல்லூரித் தேர்வுப் பயிற்சி பற்றி

சீனாவில் கல்லூரியில் படிக்கிற யாரிடமாவது 3.55, 7.1, 14.2 என்று மூன்று எண்களைச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் உடனே பிடித்துக்கொள்வார்கள். அங்கே நடக்கும் கல்லூரி ஆங்கிலத் தேர்வின் நான்காம் படியில், ஒரு கேள்விக்கு எத்தனை மதிப்பெண் என்கிற கணக்கு அது. கோடிட்ட இடத்துக்குச் சொல் பொறுக்கிப் போட்டால் ஒன்றுக்கு 3.55. நீளமான கட்டுரையில் எந்தப் பத்தியில் எந்தச் செய்தி இருக்கிறது என்று பொருத்தினால் 7.1. சிறிய கட்டுரையை ஊன்றிப் படித்து விடை சொன்னால் 14.2. மொத்தம் 710.

எனவே பயிற்சி நூல்களும் காணொளிகளும் சொல்லும் புத்திமதி: 15 சொற்களில் 10 பொறுக்கும் பகுதியைக் கடைசிக்குத் தள்ளு. நேரம் மிச்சமிருந்தால் பார். அதற்குச் செலவாகும் நேரத்துக்கு வரும் வருமானம் குறைவு.

இத்தனைக்கும் இந்தக் கணக்கு சரியும் இல்லை. 2005 சீர்திருத்தத்துக்குப் பிறகு, எடுத்த மதிப்பெண்ணை அப்படியே கூட்டித் தருவதில்லை. நான்காம் படிக்கு 16 கல்லூரிகளின் சுமார் 30,000 மாணவர்களை ஒப்பீட்டுக் குழுவாக வைத்து, சராசரி 500, திட்டவிலக்கம் 70 என்று வருமாறு மாற்றித் தருகிறார்கள். 500-உடன் மூன்று மடங்கு 70-ஐக் கூட்டினால் 710. அந்த விசித்திரமான எண் வந்த வழி இதுதான். ஆக 14.2 என்பது ஒரு கேள்வியின் விலை அல்ல, தோராயமான மதிப்பு. ஆனாலும் மாணவர்கள் அதை விலைப்பட்டியல் மாதிரிதான் மனப்பாடம் செய்கிறார்கள்.

நான் இதற்குள் நுழைந்தது வேலை வழியாக. சீன நகரம் ஒன்றில் இருந்த குழுவோடு சில வருடங்கள் சேர்ந்து வேலை பார்த்தேன். அவர்கள் எழுதும் வடிவமைப்பு ஆவணங்கள் எங்கள் பக்கத்து ஆவணங்களைவிடத் தெளிவாக இருக்கும். ஆனால் கூட்ட அழைப்பு தொடங்கினால் அந்தப் பக்கம் ஒரே அமைதி. பேச்சை விட்டுவிட்டு அரட்டைப் பெட்டியில் எழுதுவார்கள், அதுவும் முழு வாக்கியங்களில். ஒருமுறை இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒருவர், “எங்களுடையது யாபா யிங்யு” என்று எழுதினார். ஊமை ஆங்கிலம் என்று பொருள். அவர் கண்டுபிடித்த சொல் இல்லை. சீனாவில் இந்தத் தேர்வைத் திட்டுகிற எல்லாரும் பயன்படுத்தும் சொல். ஏட்டில் ஆங்கிலம் இருக்கிறது, வாயில் இல்லை, தேர்வுதான் வாயைக் கட்டிவிட்டது என்பது வாதம்.

இந்த வாதம் பாதி சரி, மீதி தப்பான இடத்தில் அடிக்கிறது என்பது என் கட்சி.

முதலில் கொஞ்சம் வரலாறு. நான்காம் படித் தேர்வு 1987-ல் தொடங்கியது, ஆறாம் படி 1989-ல். ஆங்கிலத்தைச் சிறப்புப் பாடமாக எடுக்காத மாணவர்களுக்கானது. 1980-களின் நடுவில் வந்த கல்லூரி ஆங்கிலப் பாடத்திட்டம் வாசிப்பைத்தான் முதலிடத்தில் வைத்தது. கேட்பது அடுத்து. எழுத்தும் பேச்சும் ஆரம்ப நிலைக்கு இருந்தால் போதும். நாடு கதவைத் திறந்திருந்த காலம். வெளிநாட்டு அறிவியல் நூல்களையும் ஆய்விதழ்களையும் படிக்கத் தெரிந்த பொறியாளர்கள் தேவை. தேர்வுக் குழுவுக்கு நெடுங்காலம் தலைமை வகித்த ஷாங்காய் ஜியாவ் தோங் பல்கலைக்கழகப் பேராசிரியர் யாங் ஹுய்ஜோங், அறிவியல் தொழில்நுட்ப ஆங்கிலத்துக்கு ஒரு சொல்லடைவுத் தொகுப்பைக் கணினியில் உருவாக்கியவர்களில் ஒருவர். படிப்பதற்கான ஆங்கிலத்தைப் படிப்பதன் மூலமாகவே சோதித்தார்கள். அதில் குற்றம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

சிக்கல், அந்தத் தேர்வுக்கான பயிற்சி என்னவாக வளர்ந்தது என்பதில் இருக்கிறது. சீனத்தில் “ஜென்தி” என்று ஒரு சொல். அசல் கேள்வித்தாள், அதாவது முந்தைய தேர்வுகளில் உண்மையாகவே வந்த தாள் என்று பொருள். பயிற்சி என்றாலே அங்கே ஜென்தி போடுவதுதான். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி 125 நிமிடம் உட்கார்ந்தேன். சீனம் தெரியாததால் மொழிபெயர்ப்பைப் போட முடியவில்லை. மற்றதைப் போட்டேன். தாள் மோசமில்லை. ஒழுங்காகத் தயாரித்த தாள், சில கட்டுரைகள் படிக்கவே சுவாரசியம். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த ஆங்கிலம் முழுக்க யாரோ யாருக்கோ சொன்னது என்கிற தடயம் துடைக்கப்பட்டிருக்கிறது.

கேட்டல் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று செய்திகள், இரண்டு உரையாடல்கள், மூன்று பத்திகள். கேள்வி உட்பட எல்லாம் ஒரே ஒருமுறைதான் ஒலிக்கும். பல கல்லூரிகளில் வளாகத்துக்குள் பண்பலையில் ஒலிபரப்புவார்கள், மாணவர்கள் வானொலி உள்ள தலையணிக் கருவியைப் போட்டுக்கொண்டு அலைவரிசையைப் பிடிக்க வேண்டும். (தேர்வுக்கு முன்தினம் மின்கலம் வாங்குவதும் பயிற்சியில் சேர்த்தி.) இதற்குச் சொல்லித்தரும் பிரபலமான உத்தி, “எது காதில் விழுந்ததோ அதையே தேர்ந்தெடு” என்பது. நான்கு விடைகளில் எதன் சொற்கள் ஒலிநாடாவில் வந்தனவோ அதுவே பெரும்பாலும் விடை. வேலை செய்கிற உத்திதான், நானே சோதித்துப் பார்த்தேன். ஒரு மனிதர் என்ன சொல்ல வந்தார் என்று கேட்கவே வேண்டாம். ஒலியை ஒலியோடு பொருத்தினால் போதும். நிரலாக்கத்தில் சரத்தைச் சரத்தோடு ஒப்பிடுவோமே, அது மாதிரி.

வாசிப்பும் அப்படியே. பிரிட்டன், அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்த கட்டுரைகளைச் சுருக்கித் தருகிறார்கள். எழுதியவர் பெயர் கிடையாது, எந்த வருடம் எந்தச் சண்டையின் நடுவில் எழுதினார் என்று தெரியாது. முதலில் கேள்வியைப் படி, பிறகு எண்களையும் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயர்களையும் தேடு என்கிறது உத்தி. கட்டுரையாளர் தன் வாதத்தில் தடுக்கி விழுந்திருந்தாலும் மாணவர் கண்ணில் படாது. அவரோடு வாதாட யாரும் மாணவரைக் கூப்பிடவும் இல்லை.

எழுத்துப் பகுதி 120 முதல் 180 சொற்கள், 30 நிமிடம். திருத்துபவர்கள் பிழைகளை எண்ணிக் கழிப்பதில்லை. மொத்தமாகப் படித்து 14, 11, 8, 5, 2 என்று ஏதோ ஒரு தளத்தில் வைக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேல் தாள்கள் வருகிற தேர்வில் ஒரு தாளுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எனவே வார்ப்பு வாக்கியங்கள். எந்தத் தலைப்பு வந்தாலும் சமுதாயத்தின் அதிவேக வளர்ச்சியில் தொடங்கி, நாணயத்துக்கு இரண்டு பக்கம் உண்டு என்று திரும்பி, நாம் எல்லோரும் முயன்றால் ஒளிமயமான எதிர்காலம் என்று முடியும் கட்டுரை. நடுவில் தலைப்பைச் செருக இடம் விட்டிருப்பார்கள். இதை நான் கிண்டல் செய்யவில்லை. என் தொழிலில் இதற்குப் பெயர் வார்ப்புரு, தினமும் பயன்படுத்துகிறோம். ஆனால் வார்ப்புருவை எழுதுகிறவர் அதைப் படிக்கப்போவது இயந்திரம் என்று தெரிந்தே எழுதுகிறார்.

இங்கேயும் பல நேரங்களில் படிப்பது இயந்திரம்தான். சீனப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கட்டுரைப் பயிற்சிக்குப் பிகாய் என்ற தானியங்கித் திருத்தும் தளத்தைப் பயன்படுத்துகிறார்கள். கட்டுரையை ஏற்றினால் உடனே மதிப்பெண் வரும், வாக்கியம் வாக்கியமாகக் குறிப்பு வரும். மாற்றி மறுபடி ஏற்றலாம். ஒரு சாதாரணச் சொல்லை எடுத்துவிட்டுப் பெரிய சொல்லாகப் போட்டால் ஒரு புள்ளி ஏறுகிறதா என்று பார்த்துப் பார்த்துத் திருத்துவது மாணவர்களிடையே தனி விளையாட்டு. எண் ஏறும். கட்டுரை யாரையாவது எதற்காவது சம்மதிக்க வைக்கிறதா என்று கேட்க அந்தச் சுற்றில் ஆள் இல்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது மொழிபெயர்ப்புப் பகுதி. 2013 டிசம்பரில் இதை மாற்றினார்கள். அதற்குமுன் தனி வாக்கியங்கள், இப்போது 140 முதல் 160 சீன எழுத்துக்கள் கொண்ட ஒரு முழுப் பத்தி. சீன வரலாறு, பண்பாடு, பொருளாதாரம், சமூகம் இவற்றிலிருந்துதான் வரும். 2016-ல் நிறங்கள் வந்தன. 2017-ல் ஒரு தேர்வில் நதிகள், அடுத்ததில் மலைகள். 2019-ல் சிங்க நடனம், காகித வெட்டுக் கலை, விளக்குகள். ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் வெய்போவில் மாணவர்கள் தங்கள் அசட்டு மொழிபெயர்ப்புகளைப் போட்டுச் சிரித்துக்கொள்வது ஒரு திருவிழா.

நோக்கம் அருமை. உன் ஊரை, உன் தேநீரை, உன் ஆற்றை வெளியாளுக்குச் சொல்லு என்கிறது தேர்வு. முழுத் தாளிலும் மாணவருக்குச் சொந்தமாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டென்றால் இதுதான். ஆனால் என்ன சொல்வது என்பதை ஏற்கெனவே எழுதித் தந்துவிட்டார்கள். மஞ்சள் ஆற்றங்கரையில் பிறந்த பெண்ணும் அதைப் பார்த்தே இராத பையனும் ஒரே பத்தியை ஒரே மாதிரி மாற்றியாக வேண்டும். அந்த ஆறு வெள்ளத்தில் தன் பாட்டியின் வீட்டைக் கொண்டுபோனதைச் சொல்ல அவளுக்கு இடமில்லை. பயிற்சியோ இதை இன்னும் சுருக்கிவிட்டது. பண்டிகை, உணவு, வம்சம், மலை என்று தலைப்பு வாரியாகச் சொற்பட்டியல். கேட்கிற வெளியாள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

சொற்பட்டியல் என்றதும் ஒரு நகைச்சுவை ஞாபகம் வருகிறது. அகரவரிசையில் அமைந்த சொல் நூல்களின் தொடக்கத்தில் கைவிடு என்று பொருள்படும் ‘அபேண்டன்’ இருக்கும். புத்தகத்தை வாங்கி, முதல் சொல்லைப் படித்து, அதன்படியே நடந்துவிடுவதாக மாணவர்கள் சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பிரச்சினையைத் தீர்க்கக் கிளம்பிய செயலிகளில் ஒன்று மைமெமோ. அதன் பொறியாளர்கள் மாணவர்களின் 22 கோடி நினைவுப் பதிவுகளை வைத்து, எந்தச் சொல்லை எப்போது மறுபடி காட்டினால் குறைந்த செலவில் மனதில் நிற்கும் என்று கணித்து, 2022 கே.டி.டி. மாநாட்டில் கட்டுரை வெளியிட்டார்கள். அதன் முதல் ஆசிரியர் பின்னர் உருவாக்கிய எஃப்.எஸ்.ஆர்.எஸ். என்ற முறை 2023-ல் ஆன்கி செயலியில் சேர்க்கப்பட்டது. உலகம் முழுக்க மொழி படிக்கிறவர்கள் இன்று அதைப் பயன்படுத்துகிறார்கள், நான் உட்பட. தேர்வுப் பயிற்சியை வெறும் குப்பை என்று எழுதுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அதைவிட முக்கியமான ஒன்றையும் எடுக்க வேண்டும். எதிரில் ஆள் இல்லாத இந்த ஆங்கிலம்தான் ஏழை மாணவருக்குக் கைக்கெட்டும் ஆங்கிலம். பேச்சுப் பயிற்சிக்கு எதிரில் ஆள் வேண்டும், அந்த ஆளுக்குக் காசு வேண்டும். ஷாங்காயில் வளர்ந்த பிள்ளைக்கு அது கிடைக்கும். குய்ஜோ மலைக் கிராமத்தில் இருந்து வந்த பிள்ளைக்கு ஒரு கட்டு ஜென்தியும் ஒரு தலையணிக் கருவியும் போதும், அதிகாலையில் மைதானத்தில் நின்று உரக்கப் படித்துக்கொள்ளலாம். பேச்சுக்குப் பெரிய மதிப்பெண் கொடுத்தால் முதலில் அடிபடுவது அந்தக் கிராமத்துப் பிள்ளைதான். ஊமை ஆங்கிலம் என்று கேலி பேசுகிறவர்களில் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அடிபட்டால் என்ன ஆகும் என்பதும் சின்ன விஷயம் இல்லை. அதிகாரபூர்வமாக இதில் தேர்ச்சிக் கோடு கிடையாது. 425 என்பது ஆறாம் படி எழுதத் தகுதி, அவ்வளவுதான். ஆனால் பல கல்லூரிகள் பட்டத்தையே இதோடு கட்டிவைத்திருந்தன. சியான் ஜியாவ் தோங் பல்கலைக்கழகம் 2023 செப்டம்பரில் அந்தக் கட்டை அவிழ்த்தபோது நாடே பேசியது. பட்டத்தோடு நிற்கவும் இல்லை. வெளியூர்ப் பட்டதாரி ஷாங்காயில் நிரந்தரக் குடிப்பதிவு பெற வைத்த புள்ளிமுறையில் 72 புள்ளி வேண்டும் என்றார்கள். அதில் நான்காம் படியில் 425 எடுத்தவருக்கு 7 புள்ளி, ஆறாம் படியில் எடுத்தவருக்கு 8. வெறும் ஒரு புள்ளி வித்தியாசம், ஆனால் எல்லைக்கோட்டில் நிற்பவருக்கு அதுவே ஊர். இப்படிப்பட்ட ஒன்றுக்கு உத்தி கற்றுக்கொள்ளாதே, மொழியை நேசி என்று உபதேசம் செய்ய எனக்கு வாய் வராது.

ஆகவே மாணவரை விட்டுவிடுகிறேன். தேர்வில் பேச்சு இல்லை என்பதையும் விட்டுவிடுகிறேன். நான் குறை சொல்வது கேள்வி வைக்கும் விதத்தை. எழுத்திலேயே, அதே 30 நிமிடத்திலேயே, எதிரில் ஓர் ஆளை நிறுத்த முடியும். ஆற்றைப் பற்றிய பத்தியைத் தந்து, இதை வாசித்த வெளிநாட்டவர் இப்படி ஒரு கேள்வி கேட்டிருக்கிறார், பதில் எழுது என்று கேட்கலாம். வார்ப்புரு அங்கே அவ்வளவு சுலபமாக ஒட்டாது. அதற்குப் புதிதாகச் செலவும் இல்லை, மதிப்பெண் தளங்களும் அப்படியே இருக்கலாம். கிராமத்துப் பிள்ளைக்கும் அதில் பாதகம் இல்லை. சொல்வதற்கு அவளிடம்தான் அதிகம் இருக்கும்.

கடைசியாக ஒன்று. இந்தத் தேர்வில் பேச்சுக்கு ஒரு விருப்பத் தேர்வு 1999 முதல் இருக்கிறது. இப்போது கணினியில் நடக்கிறது. முன்பின் தெரியாத இரண்டு மாணவர்களைக் கணினி ஜோடி சேர்த்து, நான்காம் படியில் மூன்று நிமிடம் பேசவிடுகிறது. நான் சொன்ன அந்த எதிர் ஆள் இங்கே வந்துவிட்டாரே என்று ஆவலாகப் பயிற்சிப் பக்கங்களைப் புரட்டினேன். கூட்டாளி என்ன சொன்னாலும் அதற்குப் பதிலாகச் சொல்லக்கூடிய வாக்கியங்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தார்கள். முதல் வாக்கியம்: நீங்கள் சொல்வதை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன்.