அயலார் ஒருவர் கண்ட அமெரிக்கா

சுவீடன் நாட்டுப் பொருளியல் அறிஞர் குன்னார் மிர்தால் எழுதி 1944இல் வெளிவந்த 'ஓர் அமெரிக்க இக்கட்டு' என்னும் நூல் நம் மாணவர் கற்கத்தக்கது. யாவரும் சமம் என அறிக்கையிடும் நாடு கறுப்பின மக்களைத் தாழ்த்தி வைத்துள்ளது. இம்முரண் வெள்ளையரின் மனச்சாட்சியை உறுத்துகிறது என்பது அவர் துணிபு. பள்ளிகளில் இனப்பிரிவினையை விலக்கிய 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பிலும் இந்நூல் சுட்டப்பெற்றது.

இலட்சியத்தையே நியாயாதிபதியாக அமர்த்தியது நூலின் வன்மை. உறுத்தாத மனச்சாட்சியைப் போதிய அளவு கணக்கில் கொள்ளாமை அதன் குறை. அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று, சமுதாய ஏற்றத்தாழ்வு நீடிப்பின் மக்களாட்சியே தகரும் என எச்சரித்தார்; மேலோரின் மனச்சாட்சியை மட்டும் அவர் நம்பியிருக்கவில்லை.

நம் பகுதியே இதற்குச் சான்று. அமெரிக்க ஆற்காடு மிஷன் 1853இல் அமைந்தபோது, அதனை அனுப்பிய நாட்டில் அடிமைமுறை சட்டப்படி நிலவியது, 1865இல்தான் ஒழிந்தது. நம் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆயினும் ஆம்பூர்த் தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி உழைத்தோர் எச்சாதியார் என்பதை நாம் அறிவோம். கலாத்தியர் 3:28ஐப் பிரசங்கித்துவிட்டு, சாதி பார்த்தே மணம் பேசுகிறோம். நமக்கு உறுத்துகிறதா? மிர்தால் விடுத்த வினா நம் பீடத்தின்முன் இன்னும் நிற்கிறது.