செவியும் ஒரு சாட்சி

கார்த்திக் சுப்புராஜின் 'பீட்சா' (2012) பேய்ப்படம் என்றே நம்மை நம்ப வைத்தது. அந்நம்பிக்கையில் பெரும்பங்கு சந்தோஷ் நாராயணனின் பின்னணி இசையைச் சாரும். ஆளரவமற்ற பங்களாவில் கைவிளக்கோடு மைக்கேல் தவிக்கும்போது, மெட்டென்று பிரித்தறிய இயலாத மின்னணு ஒலிகள் அடியில் முனகிக்கொண்டே இருக்கின்றன. திரையில் எதுவும் நிகழாதபோதும் ஏதோ நிகழப்போவதாகச் செவி அஞ்சுகிறது.

பின்னர்த்தான் அந்த இரவே மைக்கேல் புனைந்த கதை என்று தெரியவருகிறது. முதலாளியின் வைரங்களை மறைக்க எழுந்த பொய். அப்படியெனில், அதுவரை ஒலித்த இசை பொய்ச்சாட்சியன்றோ? இதனைக் குறையாகக் கூறோம். பொய்யனின் குரலையே இசையாக்கியது நுட்பமான கலைத்திறன்.

நம் மனக்குறை வேறு. மைக்கேல் கடையொன்றில் கூலிக்கு உழைப்பவன், தந்தையாகப் போகிறவன். நாளையைப் பற்றிய அவனது கவலையே மெய்யான அச்சம். பேய்க்கு இத்தனை ஒலி தந்த இசை, அவ்வச்சத்துக்கு அத்தனை இடம் தரவில்லை.

படம் வந்த அதே ஆண்டில் மின்வெட்டு நம் திருப்பூரை வாட்டியது. பனியன் கம்பெனிகளில் எந்திர இரைச்சல் சட்டென நின்ற மௌனத்தில், பீஸ் கணக்கில் கூலி பெறுவோர் இழந்த கூலியை எண்ணியிருந்தனர். திரையரங்கில் கேட்ட எவ்வொலியும் அம்மௌனத்தின் அளவுக்கு நம்மை அச்சுறுத்தியதில்லை.

பெருங்காற்றும் நிலநடுக்கமும் நெருப்பும் கடந்தபின், மெல்லொலியில் இறைவனை உணர்ந்தார் எலியா. எனினும் மெல்லொலி யாவும் மெய்யன்று என்பதைப் 'பீட்சா' கற்பிக்கிறது. புனைந்த அச்சம் எது, அயலானின் அச்சம் எது எனத் தேர்ந்து கேட்பதே செவியுடையோர் கடமை.