கட்டாயம் என்ற இனிப்பான சொல்

மலாக்காவில் கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர் கிளம்பும்போது சொல்வார்: "கட்டாயம் குடும்பத்தோட வந்துடணும்." அதில் மிரட்டல் இல்லை, பாசம்தான். "கட்டாயம் மழை வரும்" என்றால் நிச்சயம் வரும் என்று அர்த்தம். 1942 முதல் சயாம்-பர்மா ரயில் பாதை போட ஜப்பானியர் கொண்டுபோன தோட்டத்து ஜனங்களுக்கும் இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம்: 'கட்டாயத் தொழிலாளர்'. மலாயில் இதற்கு 'பக்சா' என்பார்கள். அந்தச் சொல்லை வைத்து யாரையும் கல்யாணத்துக்கு அழைக்க முடியாது.

ஜாசின் பக்கத்துத் தோட்ட லயங்களில் கிழவிகள் பேசக் கேட்டு வளர்ந்தவன் நான். சயாம் கதை வந்தால் அவர்கள் வாயில் 'கட்டாயம்' வராது. "ஜப்பான்காரன் பிடிச்சிட்டுப் போயிட்டான்" என்பார்கள். பிடித்தவன் யார், பிடிபட்டவன் யார் என்பது அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. 'கட்டாயத் தொழிலாளர்' என்பதில் தொழிலாளி மட்டும் இருக்கிறார். கட்டாயப்படுத்தியவனைக் காணோம்.

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டும் இந்தப் பாதையைப் பற்றிய நாவல்கள். இவற்றைப் பற்றி எழுதும்போது 'கட்டாய உழைப்பின் கொடுமையைச் சொல்லும் நாவல்' என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். அந்த வரி தப்பில்லை. ஆனால் எப்படிக் கட்டாயப்படுத்தினார்கள் என்ற கேள்வியை அது கேட்கவிடாது.

415 கிலோமீட்டர் பாதை, ஓராண்டுக்குச் சற்று மேலான காலத்தில் போட்டு முடித்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல். அதில் மலாயாத் தமிழர்கள் ஏராளம். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. ஆனால் எல்லோரையும் துப்பாக்கி முனையில் ஏற்றவில்லை. சம்பளம் உண்டு, சாப்பாடு உண்டு, சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் முதலில் ஆள் சேர்த்தார்கள். அப்போது கித்தா வாங்க ஆளில்லை, அரிசி கிடைக்கவில்லை. மரவள்ளிக்கிழங்கில் நாளை ஓட்டியவர்களில் சிலர் தாங்களாகவே பேர் கொடுத்தார்கள். ஆள் போதாமல் போனபோது வளைத்துப் பிடித்தார்கள்.

பேர் கொடுத்தவர் கட்டாயத் தொழிலாளியா, இல்லையா? 'கட்டாயம்' என்று எழுதினால் அவர் தடுமாற்றம் மறைந்துவிடும். 'விருப்பம்' என்று எழுதினால் அவர் பசி மறைந்துவிடும். 'பிடி' என்ற சொல்லுக்கு இந்தச் சிக்கல் இல்லை. கையாலும் பிடிக்கலாம், பசியாலும் பிடிக்கலாம்.

இந்தச் சொல் ஜப்பான்காரனோடு வந்ததும் இல்லை. 1896-இல் டான் சாய் யான் மலாக்காவில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். பிறகு தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் 'ஆள் பிடிக்க' ஊருக்குப் போனார்கள். கொடுத்த முன்பணத்தைச் சம்பளத்தில் 'பிடித்தார்கள்'. 1938-இல் இந்திய அரசு தடுக்கும்வரை கங்காணி ஆள் சேர்ப்பு நடந்தது.

அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 1930-ஆம் ஆண்டு ஒப்பந்தம், தண்டனை பயம் காட்டி வாங்கும் வேலையை, ஒருவர் தானாக முன்வந்து செய்யாத வேலையை, கட்டாய உழைப்பு என்கிறது. சம்பளத்தை நிறுத்திவைப்பது, அடையாள ஆவணங்களை வாங்கி வைத்துக்கொள்வது எல்லாம் அதற்கான அறிகுறிகள் என்று பின்னாளில் அதே அமைப்பு பட்டியல் போட்டது. இதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: "சம்பளத்தப் பிடிச்சிட்டான். பாஸ்போர்ட்டப் பிடிச்சு வச்சிருக்கான்." கிழவிகளின் வினைச்சொல் அப்படியே பொருந்துகிறது. இன்று வெளிநாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வருகிறவர்களின் கதையையும் அதே சொல்லில் சொல்லிவிடலாம்.

அடுத்தமுறை சயாம் நாவல் ஒன்றைப் பற்றி எழுத உட்காரும்போது, ஒவ்வொரு பாத்திரத்தையும் பிடித்தது யார், எதைக் கொண்டு பிடித்தார்கள் என்று குறித்துக்கொண்டு படிக்கலாம் என்றிருக்கிறேன். 'கட்டாயம்' பத்திரிகை வைக்க வருகிறவரிடமே இருக்கட்டும்.