மாஸ்க் போட்ட நெகட்டிவ்

இருட்டறையில் எனக்குப் பைத்தியம் பிடிக்க வைத்த வித்தை எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: கான்ட்ராஸ்ட் மாஸ்க். அருமையான நெகட்டிவ் ஒன்றின் முதுகில் அதே படத்தின் மங்கலான பாசிட்டிவைக் கொண்டுபோய் ஒட்டுகிறோம். படம் பாழாகிவிடும் என்றுதானே தோன்றும்? பாழாவதாவது! சுதையில் கொத்தனார் கரண்டி இழுத்த தடம்கூட எழுந்து நிற்கிறது.

மதுரை திருமலை நாயக்கர் மகாலை 4×5 அங்குல ஷீட் ஃபிலிமில் எடுத்திருந்தேன். அங்கே கேமராவைத் தூக்கியவர்களுக்கு அந்த வெளிச்சம் தெரியும். நடுமுற்றத்தில் வெயில் கொளுத்தும். பருத்த தூண்களுக்குப் பின்னால் அரையிருட்டு. அந்த அரையிருட்டில்தான் வளைவுகளின் சுதை வேலை அத்தனையும் இருக்கிறது. டென்சிடோமீட்டரில் அளந்தால் நெகட்டிவின் அடர்த்தி வீச்சு 1.4. வழக்கமான 2ஆம் கான்ட்ராஸ்ட் கிரேடு பேப்பர் தாங்குவது ஏறக்குறைய 1.1. முற்றத்தைக் காப்பாற்றினால் தாழ்வாரம் கரியாகும். தாழ்வாரத்தைக் காப்பாற்றினால் முற்றம் வெறும் வெள்ளைத்தாள். கிரேடைக் குறைத்தால் இரண்டும் பேப்பருக்குள் வந்துவிடும், சரி. ஆனால் சுதையெல்லாம் தேய்ந்த பழைய நாணயம் மாதிரி ஆகிவிடும். டாட்ஜிங், பர்னிங் என்று அங்கங்கே வெளிச்சத்தைத் தடுத்தும் கூட்டியும் என்லார்ஜருக்கடியில் கையை ஆட்டலாம்தான். வளைவுக்கு வளைவு, தூணுக்குத் தூண் வெளிச்சம் மாறுகிற இடத்தில் இரண்டு கை என்ன செய்யும்?

இங்கேதான் மாஸ்க் வருகிறது. நெகட்டிவுக்கும் புது ஃபிலிமுக்கும் நடுவே, எஞ்சினியர்கள் வரைபடம் போடும் சொரசொரப்பான பாலியஸ்டர் ஷீட் ஒன்றைச் செருகி, காண்டாக்ட் பிரிண்ட் போல வெளிச்சம் காட்ட வேண்டும். ஷீட் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் படம் மங்கலாகத்தான் விழும். நமக்கு வேண்டியதும் அதுதான். நான் போடுவது இல்ஃபோர்டின் ஆர்த்தோ பிளஸ். ஆழ்சிவப்பு விளக்கில் கண்ணால் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம். கும்மிருட்டில் தடவ வேண்டியதில்லை. நிறையத் தண்ணீர் கலந்த டெவலப்பரில் கழுவி, 0.3 வீச்சுக்கு மேல் போகாமல் நிறுத்திக்கொள்கிறேன். காய்ந்ததும் ஏதோ ஆவியைப் படம்பிடித்த மாதிரி ஒரு சாம்பல் நிழல்தான் ஃபிலிமில் இருக்கும்.

கணக்கு எளிமையானது. நெகட்டிவில் மெலிந்திருக்கும் நிழல் பகுதி பாசிட்டிவில் அடர்த்தியாக இருக்கும். இரண்டையும் சேர்த்தால் மெலிந்த இடம் தடிக்கிறது, தடித்த இடம் அப்படியே நிற்கிறது, 1.4 சுருங்கி 1.1 ஆகிறது. ஆனால் மாஸ்க் மங்கல் இல்லையா? பெரிய ஒளி நிழல்தான் அதில் பதிந்திருக்கிறது, கீறலும் விரிசலும் பதியவில்லை. அதனால் முற்றத்துக்கும் தாழ்வாரத்துக்கும் இடையேயான சண்டையை மட்டும் மாஸ்க் தணிக்கிறது. நுணுக்கங்களின் கான்ட்ராஸ்டைத் தொடுவதில்லை. இப்போது துணிந்து 2ஆம் கிரேடில் அடிக்கலாம். கிரேடு ஏற ஏற அந்த நுணுக்கங்கள் இன்னும் துடிப்பாகும். ஒரே அடியில் வீச்சும் குறைகிறது, கூர்மையும் கூடுகிறது. எவ்வளவு அழகான தந்திரம்!

லைட்பாக்ஸில் இரண்டையும் பொருத்தும் நேரம் ஒன்று போதும், நீங்களும் கிறுக்காவீர்கள். மயிரிழை விலகினாலும் படம் புடைப்புச் சிற்பமாகத் தெரியும். மெல்ல நகர்த்த நகர்த்த, சட்டென்று பூட்டிக்கொண்டு தட்டையாகும். அப்போது டேப் ஒட்டிவிட வேண்டும், மூச்சுகூட விடாமல். பிறகு ட்ரேயில் பிரிண்ட் எழும்பும்போது அந்தத் தாழ்வாரத்தைப் பார்க்க வேண்டுமே! வளைவுகளின் விளிம்பு ஒவ்வொன்றும் தனித்தனியே.

டேவிட் மாலின் என்ற வானியல் படக்காரர் ஆஸ்திரேலியாவில் 1970களில் இதே உத்தியால்தான், தொலைநோக்கியின் கண்ணாடித் தட்டுகளில் பிரகாசத்துக்குள் புதைந்து கிடந்த நெபுலா நுணுக்கங்களை வெளியே இழுத்தார். போட்டோஷாப்பில் இன்று எல்லோரும் தட்டும் ‘அன்ஷார்ப் மாஸ்க்’கும் இதன் பேரப்பிள்ளைதான். ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது, பாவம், என்ன ருசி அதில்!

புகழ்பெற்ற படக்காரர் ஆன்சல் ஆடம்ஸின் உதவியாளராக இருந்த ஆலன் ராஸ் இன்னும் ஒருபடி போய், வேண்டிய இடத்தில் மட்டும் வேலை செய்யும் மாஸ்க்குகளைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நெகட்டிவின் மேல் கைவைப்பது புதிதும் அல்ல. 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், மெழுகிட்ட காகித நெகட்டிவில் வானம் வெறுமையாக விழுந்ததால் அதன்மேல் மேகங்களைத் தீட்டினார். அந்தப் பிரிண்ட்களை இப்போது பார்த்தால் எனக்குப் பங்காளி வீட்டுக் கல்யாணப் படத்தைப் பார்ப்பதுபோல் உரிமை வந்துவிடுகிறது!

எல்லா நெகட்டிவுக்கும் இது ஆகாது. பனிமூட்டப் படத்துக்கு எதற்கு மாஸ்க்? 35 மி.மீ. ஃபிலிமில் பொருத்துவது கண்ணுக்குப் பிடித்த சனி. மாஸ்க் மிஞ்சினால் விளிம்பெல்லாம் ஒளிவட்டம் கட்டி, சாமி படம் போல ஆகிவிடும். தூசு உட்காரவும் கூடுதல் பரப்பு. உச்சிவெயிலில் கோபுரம், மண்டபம், சந்தை என்று எடுத்துவிட்டு பிரிண்ட் தேறாமல் ஒதுக்கியவர்களுக்குத்தான் இது வரப்பிரசாதம். நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்! என்னிடமே ஒரு பெட்டி நிறைய இருக்கிறது, அடுத்தது சந்தை.