மாலைவரை மட்டுமே: லேவியர் நூலும் நமது தீட்டும்

திருவிவிலியத்தை முதல் ஏட்டிலிருந்து வரிசையாகப் படிக்கத் தொடங்கும் அன்பர்கள் பலர், விடுதலைப் பயண நூலின் நடுப்பகுதிவரை விருப்போடு வருகின்றனர். செங்கடலைக் கடந்த களிப்பும் சீனாய் மலையின் இடிமுழக்கமும் அவர்களை முன்னே அழைத்துச் செல்கின்றன. லேவியர் நூலின் வாயிலுக்கு வந்ததும் கால்கள் தயங்குகின்றன. காளையின் கொழுப்பு, ஆட்டின் குருதி, புறாவின் கழுத்து, தொழுநோயின் வெண்தழும்பு, பெண்ணின் உதிரப்போக்கு என அடுத்தடுத்து வரும் அதிகாரங்களைக் கண்டு, "கிறிஸ்து வந்தபின் இவை தீர்ந்தன" என்று ஏடுகளை மொத்தமாகப் புரட்டிவிடுகின்றனர்.

ஆயினும், படிக்காமல் விட்ட இந்நூலைச் சான்றுக்கு அழைக்க மட்டும் நாம் மறப்பதில்லை. மாதவிலக்கு நாளில் பீடத்துக்கு மலர் வைக்கலாமா, வாசகம் வாசிக்கலாமா என்று நம் பங்குகளில் பெண்கள் இன்றும் தயங்கிக் கேட்கின்றனர். கூடாது என்போர், "விவிலியத்திலேயே தீட்டு உண்டே" என்கின்றனர். சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வேண்டுவோரும், வெளியே சொல்லாவிடினும், அதே எண்ணத்தில்தான் நிழல் தேடுகின்றனர். எனவே லேவியர் நூல் உண்மையில் என்ன சொல்கிறது, எப்படிச் சொல்கிறது என்று நிதானமாக ஆராய்வது நமது கடமையாகிறது.

முதலில் சொல்லை நோக்குவோம். எபிரேயத்தில் 'தும்ஆ' எனப்படும் சடங்குமுறைத் தூய்மையின்மையைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் 'தீட்டு' என்றனர். பழைய மொழிபெயர்ப்பும் அப்படியே. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பும் அப்படியே. பலிகளின் பெயர்களில் 1995இன் பதிப்பு துணிந்து புதுமை செய்தது. சர்வாங்க தகனபலி 'எரிபலி' ஆயிற்று. சமாதான பலி 'நல்லுறவுப் பலி' ஆயிற்று. அவை நல்ல தமிழ், பொருளும் தெளிவு. தீட்டு என்னும் சொல்லோ அசையாமல் நின்றது. வேறு சொல் கிடைப்பது எளிதன்று என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். 'அசுத்தம்' என்றால் அழுக்கு என்று பொருள்படும். 'தூய்மையின்மை' என்றால் ஒழுக்கக் குறைவு என்று எண்ணத் தோன்றும். ஆனால் தீட்டு என்னும் சொல் வெறுங்கையோடு வருவதில்லை. 'தீண்டு' என்னும் வினையோடு உறவுடைய அச்சொல், தீண்டாமையின் வரலாற்றையும் தோளில் சுமந்துகொண்டே மறைநூலுக்குள் நுழைகிறது. எபிரேயர் அறியாத ஒரு பொருளை நாமே அதனுள் வைத்துப் படித்துவிடுகிறோம்.

எபிரேயச் சட்டத்தில் தீட்டு யாருக்கு வருகிறது? எல்லாருக்கும் வருகிறது. 15ஆம் அதிகாரத்தின் அமைப்பே இதற்குச் சான்று. முதலில் ஆணின் நோயால் வரும் ஒழுக்கு, அடுத்து ஆணின் இயல்பான விந்து வெளிப்பாடு, நடுவில் கணவன் மனைவி கூடுதல், பின்பு பெண்ணின் இயல்பான மாதவிலக்கு, இறுதியில் பெண்ணின் நீடித்த உதிரப்போக்கு. எதிரெதிரே வைத்த இரு கண்ணாடிகள்போல் ஆணும் பெண்ணும் அங்கே நிற்கின்றனர். இவ்வதிகாரத்திலிருந்து பெண்ணின் பகுதியை மட்டும் பிய்த்தெடுத்து, ஆணின் பகுதியை மறந்துவிட்டது நமது வசதியேயன்றி நூலின் குறையன்று.

தீட்டு எப்போது தீர்கிறது? இந்நூலில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சிறு தொடர் உண்டு: 'மாலைவரை'. பிணமான விலங்கைத் தொட்டவர் மாலைவரை. தீட்டான படுக்கையில் அமர்ந்தவர் மாலைவரை. சில தீட்டுகள் ஏழு நாள் நீள்கின்றன. மகப்பேற்றுக்கு நாள்கள் கூடுகின்றன. எனினும் ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு குறிக்கப்பட்டிருக்கிறது; நீர், பலி, அந்திப்பொழுது என ஒரு வாயில் திறந்திருக்கிறது. சட்டத்தின் வறண்ட நடையில் எழுதப்பட்ட இந்நூலுக்கு ஒரு பல்லவி உண்டெனில் அது 'மாலைவரை' என்பதேயாகும்.

தீட்டைப் போக்குபவர் நிலை என்ன? இவ்விடத்தில்தான் எபிரேயச் சட்டத்துக்கும் நமது நாட்டு வழக்கத்துக்கும் உள்ள தூரம் நன்கு புலனாகிறது. பாவக் கழுவாய் நாளில் வெள்ளாட்டுக் கிடாவைப் பாலைநிலத்துக்கு ஓட்டிச் சென்றவர் தம் உடையைத் துவைத்து, குளித்து, மீண்டும் பாளையத்துக்குள் வருகிறார் (லேவி 16:26). எண்ணிக்கை நூலின் 19ஆம் அதிகாரத்தில் சிவப்புப் பசுவைச் சுட்டெரித்துச் சாம்பல் எடுக்கும் சடங்கில், குரு, எரித்தவர், சாம்பலை அள்ளியவர் ஆகிய மூவரும் தீட்டாகின்றனர், அதுவும் மாலைவரையே. பிறர் தீட்டைக் கழுவியவர், அந்தி சாய்ந்ததும் பிறரைப் போன்ற மனிதராகிவிடுகிறார். நமது ஊர்களிலோ, பிறர் வீட்டுப் பிறப்பு இறப்புத் துணிகளை வெளுத்தவரும், சுடுகாட்டில் பிணத்துக்கு நெருப்பு வைத்தவரும், செத்த மாட்டை அகற்றியவரும் அத்தீட்டைத் தாமே தலைமுறை தலைமுறையாகச் சுமக்கும்படி விதிக்கப்பட்டனர். அவர்களுக்கு மாலை வரவேயில்லை. வேலையின் தீட்டு பிறப்பின் தீட்டாயிற்று. லேவியர் நூலில் இதற்கு ஒரு வரியும் ஆதாரமில்லை.

இவ்வேறுபாட்டை அறிஞர் உலகும் கண்டது. பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன் 1949, 1950ஆம் ஆண்டுகளில் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் ஊர்களில் தங்கி ஆராய்ந்தவர். தூய்மை, தீட்டு என்னும் எதிர்மையே சாதியமைப்பின் அடிக்கல் என்று 1966இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். அதே 1966இல் ஆங்கில நாட்டுக் கத்தோலிக்கப் பேரறிஞர் மேரி டக்ளஸ், லேவியரின் விலக்கப்பட்ட உணவுகளைப் பற்றிப் புகழ்பெற்ற விளக்கம் ஒன்றைத் தந்தார். பின்னர் 1993இல் எண்ணிக்கை நூலை ஆராய்ந்தபோது, விவிலியத்தின் தீட்டு விதிகள் இஸ்ரயேலருக்குள் மேல் கீழ் வகுப்புகளைப் பிரிக்கப் பயன்படவில்லை என்று அவர் வற்புறுத்தினார். சாதித் தீட்டைப் பற்றி நன்கு அறிந்த ஒருவர் வந்தடைந்த முடிவு இது என்பதை நாம் கருத வேண்டும்.

குருதிப் பலிக்கு வருவோம். பாவம் போக்கும் பலியின் குருதி பாவியின்மேல் பூசப்படுவதில்லை. பலிபீடத்தின் கொம்புகளிலும் திருத்தலத்திலுமே பூசப்படுகிறது. மனிதனின் குற்றம் எங்கோ தனியே அவன் தோலில் ஒட்டுவதன்று. எல்லாருக்கும் பொதுவான கடவுளின் இல்லத்தையே கறைப்படுத்துவது. கழுவப்பட வேண்டியது அந்த இல்லமே. யூத அறிஞர் யாக்கோபு மில்கிரோம் லேவியருக்கு எழுதிய பேருரையில் இக்கருத்தை விரிவாக நிறுவியுள்ளார். இங்கே ஒருவரைச் சுட்டி "இவர் அழுக்கானவர்" என்பதற்கு இடம் மிகக் குறைவு.

பலியில் ஏழைக்கும் இடமுண்டு. ஆடு வாங்க இயலாதவர் இரு புறாக்களையும், அதற்கும் இயலாதவர் ஓர் ஏப்பாவில் பத்தில் ஒரு பங்கு மாவையும் கொண்டுவரலாம் (லேவி 5:7-11). நம் அன்னை மரியா கோவிலுக்குக் கொண்டுசென்றது ஏழையின் காணிக்கையே என்பதை லூக்கா குறித்துள்ளார். நல்லுறவுப் பலியின் இறைச்சியையோ மூன்றாம் நாளுக்கு வைக்கலாகாது. ஒரு முழுக் கிடாவை இரு நாளில் தீர்க்க வேண்டுமெனில் உற்றாரையும் அண்டை அயலாரையும் அழைத்தே ஆகவேண்டும். சட்டமே பந்தியை விரிக்கிறது.

இது நமக்குப் புரியாத உலகமன்று. மதுரைப் பாண்டி கோயிலில் கிடா வெட்டிப் பொங்கியுண்ணும் குடும்பங்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். 2003ஆம் ஆண்டு ஆகஸ்டில், கிடப்பில் இருந்த 1950ஆம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச் சட்டத்தைச் செயற்படுத்த அரசு ஆணையிட்டபோது இச்சமவெளி முழுவதும் கலங்கியதும், 2004இல் அச்சட்டமே நீக்கப்பட்டதும் நினைவிருக்கலாம். அருளானந்தர் எனப்படும் புனித ஜான் தெ பிரித்தோ 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டுண்ட ஓரியூரிலும், நேர்த்திக்கடனாகக் கிடா வெட்டிச் சமைத்து உண்ணும் வழக்கம் உண்டு. அங்கே கத்தோலிக்கரோடு பிற சமயத்தவரும் வருகின்றனர். இவற்றை அறியாமை என்று ஒதுக்குவோர், அப்பந்தியில் யாரோடு யார் அமர்கிறார்கள் என்பதைக் கேட்பதில்லை. லேவியர் கேட்கும் கேள்வி அதுவே.

இனி, நமது நிலைப்பாட்டுக்கு எதிராக நிற்கும் பகுதியையும் மறைக்காமல் எடுத்துக்கொள்வோம். தொழுநோயாளர் கிழிந்த உடையோடு, தாம் தீட்டு என்று தாமே கூவிக்கொண்டு, பாளையத்துக்கு வெளியே தனியே வாழவேண்டும் என்கிறது 13ஆம் அதிகாரம். இதன் கொடுமையை மென்மையாக்கிச் சொல்ல நாம் விரும்பவில்லை. பெண்மகவு பெற்றவளுக்கு 80 நாள், ஆண்மகவு பெற்றவளுக்கு 40 நாள் என்னும் கணக்கும் நம் மனத்தை உறுத்துகிறது. இறுதியில் செலுத்தும் காணிக்கை இருவருக்கும் ஒன்றே என்பது ஓரளவு ஆறுதலே.

ஆனால் 13ஆம் அதிகாரத்தோடு நிறுத்துவது முறையான வாசிப்பன்று. அடுத்த அதிகாரத்தில் குரு எழுந்து பாளையத்துக்கு வெளியே செல்கிறார் (லேவி 14:3). விலக்கப்பட்டவர் உள்ளே வந்து கெஞ்சுவதில்லை. குருவே அவரிடம் போகிறார். பின்னர் நலமடைந்தவரின் வலக்காது மடல், வலக்கைப் பெருவிரல், வலக்கால் பெருவிரல் ஆகியவற்றில் குருதியைப் பூசுகிறார். இதே மூன்று இடங்களில் குருதி பூசப்பட்ட வேறொருவரும் இந்நூலில் உண்டு: குருத்துவத் திருநிலைப்பாட்டின் நாளில் ஆரோன் (லேவி 8:23). தலைமைக் குருவுக்குச் செய்ததையே, வெளியே கிடந்தவருக்கும் இந்நூல் செய்கிறது. நூலாசிரியரின் உள்ளக்கிடக்கை இங்கே வெளிப்படுகிறது என்போம்.

நம் ஞாயிறு வாசக அமைப்பைப் பற்றி இங்கே ஒரு குறை சொல்ல வேண்டியுள்ளது. மூன்றாண்டுச் சுழற்சியில் இரண்டாம் ஆண்டின் பொதுக்காலம் ஆறாம் ஞாயிறன்று விலக்கிவைக்கும் 13ஆம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. வரவேற்கும் 14ஆம் அதிகாரம் எந்த ஞாயிறும் வாசிக்கப்படுவதில்லை. அன்றைய நற்செய்தியில் இயேசு, நலமடைந்தவரைக் குருவிடம் போய் மோசே கட்டளையிட்ட காணிக்கையைச் செலுத்தச் சொல்கிறார். அது 14ஆம் அதிகாரத்தின் காணிக்கை. அதைக் கேட்டிராத மக்களுக்கு இயேசுவின் சொல் பாதியே விளங்கும். மறையுரையாளர் இக்குறையை நிறைவு செய்தல் வேண்டும்.

பாளையத்துக்கு வெளியே சென்ற அந்தக் குருவை மனத்தில் கொண்டு நமது மதுரை மறைப்பணித் தளத்தின் வரலாற்றைப் பார்த்தால் தலை குனிய நேரிடுகிறது. 1606இல் தே நொபிலி மதுரைக்கு வந்தபின் வளர்ந்த அத்திருச்சபையில், மேல்சாதியார் அகன்றுவிடுவர் என்னும் அச்சத்தால், நோயுற்ற பறையர் வீட்டுக்குள் மறைப்பணியாளர் நுழைவதில்லை. நோயாளியை வெளியே தூக்கிவந்த இடத்திலேயே அருளடையாளம் வழங்கப்பட்டது. எச்சில் மீது மக்களுக்கிருந்த அருவருப்பால் திருமுழுக்குச் சடங்கில் உமிழ்நீர் விடப்பட்டது. 1704இல் புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் துர்நோன் வெளியிட்ட ஆணை இவற்றைக் கண்டித்தது. விலக்கு நாளில் பெண்களை ஒப்புரவு அருளடையாளத்திலிருந்து தடுக்கலாகாது என்றும் கூறிற்று. தமிழ்ப் பண்பாட்டை அறியாமல் துர்நோன் பலவற்றில் அவசரப்பட்டார் என்பது உண்மை. ஆயினும் இவ்விரு கட்டளைகளில் அவர் பக்கமே நியாயம் நின்றது. 1744இல் 14ஆம் பெனடிக்ட் திருத்தந்தை இறுதித் தீர்ப்பு வழங்கியபோது கிடைத்த ஏற்பாடோ, பறையருக்கெனத் தனிப் பணியாளர்கள் என்பதாயிற்று. வீட்டுக்குள் செல்லும் குரு கிடைத்தார்; எல்லார் வீட்டுக்கும் செல்லும் குரு கிடைக்கவில்லை.

இது நமக்கு மட்டுமே உரிய பழியன்று. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றபோதும், கோயில் தீட்டுப்பட்டது, சுத்திகரிக்க வேண்டும் என்று குரல் எழுந்தது. ஆனால் 'மாலைவரை' என்னும் நூலைத் திருநூலாகக் கொண்ட நமக்கு அப்படிச் சொல்ல எந்தச் சாக்கும் இல்லை.

கி.பி. 70இல் எருசலேம் கோவில் இடிந்தபின் பலிகள் நின்றன. கிறிஸ்துவின் ஒரே பலியில் அவை நிறைவுற்றன என்பது நமது விசுவாசம். உதிரப்போக்குடைய பெண் தம்மைத் தொட்டபோது ஆண்டவர் விலகவில்லை. எந்த மனிதரையும் தீட்டுள்ளவர் எனலாகாது என்று பேதுரு கற்றுக்கொண்டார். எனினும், நிறைவுற்றதைப் படிக்காமலேயே இருந்தால், அது எதை நிறைவு செய்தது என்பதும் தெரியாமற்போகும். அன்பியக் கூட்டங்களில் லேவியரின் 13 முதல் 16 வரையுள்ள அதிகாரங்களை ஒருமுறை சேர்த்து வாசிக்குமாறு இறைமக்களை வேண்டுகிறோம். வாசித்தபின், நமது ஊரில் யாருக்கு இன்னும் மாலை வரவில்லை, எந்தக் கல்லறைச் சுவர் இன்னும் நிற்கிறது, எந்தப் பெண் இன்னும் வாயிலில் தயங்குகிறாள் என்று கேட்டுப் பார்ப்போம். வெளியே செல்ல வேண்டிய குரு யார் என்பதும் அப்போது விளங்கும்.