பாரில் உட்கார்ந்த பிள்ளை

1885-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ‘ரோவர்’, ஆளுயரச் சக்கரத்தில் ஏறி, தலைகுப்புற விழுந்துகொண்டிருந்த காலத்துக்கு முடிவுகட்டியது. ஏறக்குறைய ஒரே அளவில் இரண்டு சக்கரங்கள், பின்சக்கரத்தை இழுக்கும் செயின். இன்றைய மிதிவண்டிக்கு அதுவே முன்னோடி. அந்த வடிவம் நிலைபெற்றபோது சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஒரு குழாய் வந்து சேர்ந்தது. நாம் ‘பார்’ என்பது அதைத்தான். நீளப் பாவாடைக்குத் தடையாக இருந்ததால் பெண்களின் வண்டியில் அதைக் கீழே இறக்கிவிட்டார்கள். ஜென்ட்ஸ் சைக்கிள், லேடீஸ் சைக்கிள் என்ற பிரிவு அப்படி வந்தது.

நூறாண்டு கழித்து அந்தப் பிரிவைப் பொருட்படுத்தாமல் ஏறி மிதித்தவர்கள் புதுக்கோட்டைப் பெண்கள். 1991-ல் அங்கே தொடங்கிய அறிவொளி எனும் எழுத்தறிவு இயக்கம், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பால், எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. பொது இடங்களில் ஓட்டிக்காட்டிய பெண்கள் மட்டும் 70,000-க்கு மேல் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார்.

இயக்கத்தின் பெரிய பலம், சைக்கிளைத் தனி ஒருத்தியின் துணிச்சலாக விடாததுதான். ஊரில் ஒரு பெண் மட்டும் சைக்கிள் ஏறினால் அது வம்புப் பேச்சு. ஆயிரம் பேர் ஏறினால் திருவிழா; கேலி பேசியவனே ஓரமாக நிற்க வேண்டியதுதான். பலன் மேடையோடும் நிற்கவில்லை. பஸ்ஸுக்காகக் காத்துக் கிடந்த நேரம் மிச்சமானது. விளைந்ததை விற்க இன்னும் இரண்டு ஊர் எட்டியது.

குறைகளும் உண்டு. ஓட்டும் திறமை ஆயிரக்கணக்கானோருக்குக் கிடைத்த வேகத்தில் வண்டி கிடைக்கவில்லை. வீட்டில் இருப்பது ஒரே சைக்கிள் என்றால், காலையில் அது யாரோடு கிளம்பும் என்பதைத் தீர்மானிக்கும் இடத்தை இயக்கம் தொடவில்லை. ஆட்சியரின் ஆர்வத்தில் எழும் அலை, மாற்றல் உத்தரவு வந்தால் தணிந்துவிடும் ஆபத்தும் இருந்தது.

இதே தராசில் தமிழக அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டத்தையும் வைத்துப் பார்க்கலாம். 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியரிடம் தொடங்கிப் பின்னர் விரிந்த அத்திட்டம், வண்டியை மாணவியின் கையிலேயே கொடுத்தது. புதுக்கோட்டை இயக்கம் விட்ட இடத்தை அது நிரப்பியது. ஆனால் பள்ளி வயதைக் கடந்த தாய் அதன் பட்டியலில் இல்லை. புதுக்கோட்டையில் ஏறியவர்களிலோ அந்தத் தாயும் இருந்தாள்.

அவள் தேர்ந்தெடுத்த வண்டியைக் கவனிக்க வேண்டும். லேடீஸ் சைக்கிளைவிட ஜென்ட்ஸ் சைக்கிளையே சில பெண்கள் விரும்பினார்கள். பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாமே! தடை என்று ஐரோப்பா இறக்கிய குழாயை இவர்கள் இருக்கையாக்கினார்கள். அது அவர்களுடைய கூர்மை. அதே சமயம், சைக்கிள் ஏறிய பிறகும் பிள்ளையும் தண்ணீர்க் குடமும் அவர்களுடைய பொறுப்பாகவே இருந்தன என்பதற்கும் அதுவே சாட்சி. பாரம் தலையிலிருந்தும் இடுப்பிலிருந்தும் இறங்கி வண்டிக்கு மாறியது. வீட்டில் இன்னொருவர் கைக்கு மாறவில்லை. அந்த மாற்றத்தைச் சைக்கிளிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. பாதிப் பாரத்தை வாங்கிக்கொள்ள வேண்டியவர், வீட்டில்தான் இருந்தார்.