'பெய்டு நியூஸ்': மொழிபெயர்ப்பில் மறையும் எழுவாய்

2009 அக்டோபரில் மகாராட்டிரச் சட்டமன்றத் தேர்தல் நடைபெற்றது. அப்போது, ஒன்றோடொன்று போட்டியிடும் மராத்தி நாளிதழ்கள் முதலமைச்சரைப் புகழும் ஒரே கட்டுரையைச் சொல் பிறழாமல் வெளியிட்டிருந்தன. இதனை அடுத்த மாதமே பி. சாய்நாத் 'தி இந்து' நாளிதழில் எடுத்துக்காட்டினார். இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் தனது 2010ஆம் ஆண்டு அறிக்கையில், பணமாகவோ பொருளாகவோ விலை பெற்று ஊடகங்களில் இடம்பெறும் செய்தியையும் பகுப்பாய்வையும் 'பெய்டு நியூஸ்' என வரையறுத்தது.

இவ்வாங்கிலத் தொடரில் கொடுத்தவரும் இல்லை, பெற்றவரும் இல்லை. தமிழில் பெயர்ப்போர்க்கு அத்தகைய வசதி குறைவு. 'கட்டணச் செய்தி' என்பது, வாசகர் கட்டணம் செலுத்திப் படிக்கும் செய்தி என்றும் பொருள்படும். எனவே அது பொருந்தாது. 'பணம் கொடுத்து வெளியிடப்பட்ட செய்தி' என்பதே பெரிதும் இயல்பாகத் தோன்றுவது. ஆயின், இதில் 'கொடுத்து' என்னும் வினையெச்சம் வேட்பாளரைச் சுட்ட, செயப்பாட்டு வினை வெளியிட்ட இதழை மறைத்துவிடுகிறது.

இம்மறைப்பு இலக்கணத்தோடு நின்றுவிடுவதன்று. 2011 அக்டோபரில் உத்தரப்பிரதேசச் சட்டமன்ற உறுப்பினர் உம்லேஷ் யாதவைத் தேர்தல் ஆணையம் மூன்றாண்டுகளுக்குத் தகுதி நீக்கம் செய்தது. 2007 தேர்தலில் செய்தி வடிவில் வந்த விளம்பரங்களின் செலவைக் கணக்கில் காட்டாமையே காரணம். இவ்வாறு கொடுத்தவர் பதவியிழந்தார். பெற்ற இதழ்களைப் பொறுத்தவரை, பத்திரிகைக் கவுன்சில் எச்சரிக்கவோ கண்டிக்கவோ இயலுமேயன்றித் தண்டம் விதிக்க இயலாது. கவுன்சிலின் துணைக்குழு இதழ்களின் பெயரைச் சுட்டித் தயாரித்த விரிவான அறிக்கையும், மத்தியத் தகவல் ஆணையத்தின் ஆணைக்குப் பின்னர் 2011இல்தான் கவுன்சிலால் வெளியிடப்பெற்றது.

ஆதலின், 'பணம் பெற்று வெளியிட்ட செய்தி' என்பதே தக்க பெயர்ப்பு எனலாம். 'பெற்று', 'வெளியிட்ட' ஆகிய இரண்டிற்கும் எழுவாய் இதழே. கலைச்சொல்லுக்கு இது நீளம் என்பர். உண்மையே, ஆயினும் சுருக்கத்தின் பொருட்டு வினைமுதலை இழப்பது மொழிபெயர்ப்பாளர்க்கு அழகன்று.

வாசகர் செய்தியை நம்புவது, அதை எழுதியவருக்கு அதில் ஆதாயம் இல்லை என்னும் எண்ணத்தால். விளம்பரத்தை அவர் அவ்வாறு படிப்பதில்லை. இவ்விரண்டையும் பிரிக்கும் கோட்டை அழித்தவர் யார் என்பதைக் கூறாத சொல், அச்செயலுக்கு மற்றுமொரு திரையாகவே அமையும்.